பண்டாவின் நெருப்பு மலையில் ஏறப் போகிறீர்களா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் இருக்கும் குனுங் அபி எரிமலையில் ஏற ஆசை. உயரம் 640 மீட்டர்தான் என்கிறார்கள். ஒரு வார லீவில் போய் ஏறிவிட்டு வர முடியுமா? தனியாக ஏறலாமா? ஆபத்து எவ்வளவு?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற முடியும், ஓரளவு உடல் தெம்பு இருந்தால் போதும். ஆனால் ஒரு வாரம் பத்தாது, குறைந்தது பன்னிரண்டு நாள் ஒதுக்குங்கள். தனியாக ஏற வேண்டாம். நான் அந்த மலையில் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். இரண்டு முறையும் என்னை வாட்டியது ஏற்றம் இல்லை. முதலில் கடல், அப்புறம் இறக்கம். பலரும் மலையின் உயரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டுவிட்டு இந்த இரண்டிலும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கடலிலிருந்தே தொடங்குகிறேன்.

பண்டா தீவுகள் மலுக்கு மாகாணத்தில், பண்டாக் கடலின் நடுவே ஒரு கைப்பிடி அளவுக்குச் சிதறிக் கிடக்கும் சின்னத் தீவுகள். பெரிய ஊர் என்றால் அம்போன்தான். ஜகார்த்தாவிலிருந்தோ மக்காசாரிலிருந்தோ அம்போனுக்கு விமானம் உண்டு. அங்கே கடிகாரம் இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். அம்போனிலிருந்து பண்டாவுக்கு மூன்று வழிகள். ஒன்று, சில இருக்கைகளே உள்ள குட்டி விமானம். வாரத்தில் எல்லா நாளும் கிடையாது, வானம் மூடினால் அதுவும் இல்லை. இரண்டாவது, துலேஹு துறைமுகத்திலிருந்து கிளம்பும் விரைவுப் படகு. ஐந்து, ஆறு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். அதுவும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும், கடல் அமைதியாக இருந்தால் மட்டும். மூன்றாவது, அரசுக் கப்பல் நிறுவனமான பெல்னியின் பெரிய கப்பல். ஓர் இரவுப் பயணம். மூன்றிலும் நம்பகமானது இதுதான், ஆனால் தினமும் கிடையாது. அடுத்த கப்பல் எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும்.

முதல் முறை போனபோது நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். வீடு திரும்பும் விமானத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, படகை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காற்று எழுந்தது, படகு நின்றது. அம்போனிலேயே நான்கு நாள் போய்விட்டது. பண்டாவில் எனக்கு மிஞ்சியது ஒன்றரை நாள். வந்த களைப்போடு மறுநாள் விடியற்காலையே மலை ஏறினேன். அது எவ்வளவு தப்பு என்பது இறக்கத்தில் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று அடிக்கும், கடல் முரடாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் மேற்குக் காற்று, அதுவும் சரிப்படாது. செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம். அடுத்தபடியாக மார்ச் கடைசி, ஏப்ரல். பணத்தை அம்போனிலேயே ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீவில் போய் ஏடிஎம்மை நம்பி நிற்க வேண்டாம்.

துலேஹுவில் காத்திருந்தபோது ஒரு சின்ன சந்தோஷம். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயில் "கப்பல்" என்ற சொல் அடிபட்டது. தமிழர் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை, அவர்கள் மொழியிலும் கப்பலுக்குக் "காபால்"தான். நம் சொல்தான் வணிகர்களோடு கடல் கடந்து மலாய் மொழிக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. குனுங் என்றால் மலை, அபி என்றால் நெருப்பு. குனுங் அபி என்றால் நெருப்பு மலை, அவ்வளவுதான் பெயர்.

கப்பல் விடிகிற நேரத்தில் பண்டாவை நெருங்கினால் தூங்கிவிடாதீர்கள், மேல்தளத்துக்கு வாருங்கள். வலமும் இடமும் பச்சை மலைச்சுவர். நடுவே, தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கும் ஒரு கூம்பு. அந்தச் சுவர்கள் ஒரு பழைய, மிகப் பெரிய எரிமலையின் விளிம்பு. ஏதோ ஒரு காலத்தில் அது வெடித்து உள்ளே சரிந்து போனது. மிச்சமிருக்கும் விளிம்புதான் பிறை வடிவத்தில் இருக்கும் லோந்தோர் தீவு. ஊர் இருக்கும் பண்டா நெய்ராவும் அந்தப் பழைய மலையின் துண்டுதான். பள்ளத்தைக் கடல் நிரப்பிவிட்டது, அதற்குள் புதிதாக முளைத்த கூம்புதான் குனுங் அபி. அதாவது, கப்பல் நங்கூரம் போடுவது ஒரு எரிமலையின் வாய்க்குள். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

இனி ஆபத்து பற்றி. குனுங் அபி அணைந்துபோன மலை இல்லை. 1586 முதல் அது பொங்கியதற்குப் பதிவுகள் இருக்கின்றன. கடைசியாகப் பெரிதாகப் பொங்கியது 1988 மே மாதம். மலையின் சரிவே பிளந்து நெருப்புக் குழம்பு கடலுக்குள் இறங்கியது. தீவில் இருந்தவர்களோடு, எதிரே நெய்ராவிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்களைப் படகுகளில் அப்புறப்படுத்தினார்கள். சிலர் உயிரிழந்தார்கள். அதை நேரில் பார்த்தவர்கள் இன்றும் நெய்ராவில் இருக்கிறார்கள். ஒரு மாலையில் தேநீரோடு அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். மலையைப் பற்றி அவர்கள் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள், ஆனால் கவனித்துக் கேட்டால் தெரியும், அந்தப் பேச்சிலேயே ஒரு மரியாதை இருக்கும்.

இந்தோனேசிய அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு நிலைகள் வைத்திருக்கிறது: நோர்மால், வாஸ்படா, சியாகா, அவாஸ். முதலாவது சாதாரண நிலை, கடைசி உச்சக்கட்ட எச்சரிக்கை. நீங்கள் போகும் வாரத்தில் நிலை என்ன, உச்சியைச் சுற்றி எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்று இருக்கிறது என்பதை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். நெய்ராவிலும் விசாரியுங்கள். நோர்மால் தவிர வேறு எதுவாக இருந்தாலும் ஏறாதீர்கள். "எல்லாரும் ஏறுகிறார்கள்" என்பது காரணமே ஆகாது. 2023 டிசம்பரில் சுமத்ராவின் மராபி மலை வெடித்தபோது இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். அந்த மலை அப்போது இரண்டாம் நிலையில் இருந்தது, உச்சியைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்ற எச்சரிக்கையும் பல வருடங்களாக அமலில் இருந்தது. ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்து வந்த பிறகு "இன்று ஏற வேண்டாம்" என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்கும் மனதோடு வாருங்கள்.

சரி, ஏற்றத்துக்கு வருவோம்.

640 மீட்டர் என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறது. லொம்போக்கின் ரிஞ்சானி 3,726 மீட்டர், அதோடு ஒப்பிட்டால் இது குன்று. ஆனால் ரிஞ்சானிக்குச் சாலையே ஆயிரம் மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டுவிடும். இங்கே படகிலிருந்து காலை வைப்பது கடற்கரையில், அதனால் 640 மீட்டரில் ஒரு மீட்டர்கூடத் தள்ளுபடி கிடையாது. தீவே மூன்று கிலோமீட்டர் அகலம்தான். கரையிலிருந்து உச்சிக்கு நேர்க்கோட்டில் பார்த்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அதற்குள் இந்த உயரம் முழுவதையும் ஏறியாக வேண்டும். பாதை வளைந்து வளைந்து போகாது, ஏணி மாதிரி நேராக மேலே போகும்.

விடியற்காலை நான்கரை மணிக்கு நெய்ராவிலிருந்து படகு. இடையில் இருப்பது ஒரு ஒடுக்கமான நீரிணை, சில நிமிடத்தில் எதிர்க்கரை. என்னோடு வந்த வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டியவர். அந்தப் பக்கத்தில் பெரியவர்களை "ஓம்" என்று கூப்பிடுவார்கள், டச்சு மொழியில் மாமா என்று அர்த்தம். ஓம் ரப்பர் செருப்போடு வந்திருந்தார். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றிவிட வேண்டாம், அந்த மலையில் வளர்ந்த கால் அது. கரையில் சில வீடுகள், அதைத் தாண்டினால் மரவள்ளித் தோட்டம், அப்புறம் புதரும் மரமுமாகக் காடு. முதல் ஒரு மணி நேரம் காட்டுக்குள்தான். வெயில் படாது, ஆனால் காற்றும் வராது, சட்டையைப் பிழியலாம். ஓம் அடிக்கடி திரும்பிப் பார்த்துச் சொன்ன ஒரே சொல் "பெலான், பெலான்". மெல்ல, மெல்ல.

காடு முடிகிற இடத்தில்தான் மலை தன் குணத்தைக் காட்டும். மண் போய், சரளை வந்துவிடும். எரிந்த செங்கல் துண்டு மாதிரி, ஓட்டை ஓட்டையாக, கையில் எடுத்தால் எடையே இல்லாத கல். மேலிருந்து விழுந்து குவிந்த சரளை எந்தச் சாய்வுக்கு மேல் நிற்க முடியாதோ, அந்தச் சாய்வில்தான் இந்தச் சரிவு நிற்கிறது. 30 முதல் 35 டிகிரி இருக்கும். மணல் லாரி கொட்டிய குவியலின் மேல் குழந்தைகள் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், ஒரு எட்டு வைத்தால் அரை எட்டு கீழே வரும். அதேதான் இங்கே, நூற்றுக்கணக்கான மீட்டருக்கு. முன்னால் போனவர்கள் மிதித்து இறுகிய தடத்திலேயே கால் வைக்க வேண்டும், முன்பாதத்தைக் குத்தி ஊன்ற வேண்டும், பக்கத்துச் செடியைப் பிடித்து எம்பக்கூடாது. அந்தச் செடியின் வேரும் அதே சரளையில்தான் இருக்கிறது. ஒருவர் தலைக்கு நேர் மேலே இன்னொருவர் ஏறக்கூடாது, சற்று விலகி ஏற வேண்டும். கல் உருண்டால் "பாத்து!" என்று கத்துவார்கள். அவர்கள் மொழியில் அது கல் என்று அர்த்தம், நம் காதில் "பார்த்து!" என்றே விழும். இரண்டில் எப்படிப் புரிந்துகொண்டாலும் நல்லதுதான்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வழியில் ஊற்றோ ஓடையோ ஒன்றும் கிடையாது. ஒரு ஜோடித் தோட்டவேலைக் கையுறை கட்டாயம், அந்தக் கல் கண்ணாடித் துண்டு மாதிரி கிழிக்கும். முழுக்கால் பேண்ட், கணுக்காலை மூடும் ஷூ, தலையில் கட்டும் டார்ச், முடிந்தால் ஒரு ஊன்றுகோல். வேறு எதையும் சுமக்க வேண்டாம்.

உச்சியை நெருங்கும்போது தரையைத் தொட்டுப் பாருங்கள். அரைமணி நேரத்துக்கு முன் இறக்கி வைத்த தோசைக்கல்லின் சூடு இருக்கும். சில இடங்களில் கல் இடுக்கிலிருந்து ஆவி வரும். அழுகின முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு, தீக்குச்சி கிழித்த நெடி வந்தால் சல்பர் டை ஆக்சைடு. தொண்டை கமறினாலோ தலை சுற்றினாலோ காற்று வரும் பக்கமாக உடனே நகர்ந்துவிடுங்கள். பள்ளமான இடத்தில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, வாடை இல்லாமல் பள்ளத்தில் தேங்கி நிற்கும். எரிமலை வாயின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மேலிருந்து பார்க்கக் கெட்டியாகத் தெரியும் விளிம்புக்கு அடியில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். படமெடுக்க ஒரு அடி பின்னால் போவதும் அப்படித்தான்.

நான் ஏற எடுத்துக்கொண்டது முதல் முறை இரண்டரை மணி, இரண்டாம் முறை கிட்டத்தட்ட மூன்று. இரண்டாம் முறைதான் நன்றாக இருந்தது.

அங்கே உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் காலடியில் நெய்ரா. தீவையே குறுக்கே வெட்டியது போல விமான ஓடுபாதை. அதற்கு இந்தப் பக்கம் ஐந்து முனை கொண்ட பெல்ஜிகா கோட்டை, டச்சுக்காரர்கள் 1611-இல் கட்டியது. தெற்கே லோந்தோரின் நீண்ட பிறை. மேற்கே, வானம் தெளிவாக இருந்தால், ஐ தீவும் அதற்கு அப்பால் ருன் தீவும். இத்தனை சின்ன இடத்துக்காகவா ஐரோப்பா அடித்துக்கொண்டது என்று தோன்றும். காரணம், ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும். உலகத்துக்கே அந்தக் காலத்தில் அவை இந்தத் தீவுகளிலிருந்துதான் போயின. லோந்தோர் சரிவில் கனாரி மரங்களின் நிழலில் இன்னும் ஜாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. அங்கே அதன் பெயர் "பாலா". 1621-இல் யான் பீட்டர்சூன் கூன் என்ற டச்சு ஆளுநர் படையோடு வந்து இந்தத் தீவுகளைப் பிடித்தபோது, பதினைந்தாயிரம் பேர் அளவில் இருந்த மக்களில் ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்று கணக்கிடுகிறார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் இறந்தார்கள், அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள், சிலர் தப்பிப் போனார்கள். 1667-இல் பிரெடா உடன்படிக்கையில் ருன் தீவின் மீதான உரிமையை ஆங்கிலேயர் டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள், நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயர் கையில் நின்றது.

நமக்கும் ஒரு தொடுப்பு உண்டு. 1810 மே மாதம் கேப்டன் கிறிஸ்டோபர் கோல் தன் கப்பல்களோடு கிளம்பியது சென்னையிலிருந்து. மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவின் வீரர்களும் அதில் இருந்தார்கள். ஆகஸ்டில் ஓர் இரவு, புயல்மழைக்கு நடுவே படகுகளில் கரையேறி, ஏணி வைத்து பெல்ஜிகா கோட்டைக்குள் குதித்தார்கள். ஆங்கிலேயர் கையில் இருந்த அந்தக் காலங்களில் ஜாதிக்காய்க் கன்றுகள் பினாங்குக்கும் மற்ற இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன, பண்டாவின் தனி உரிமை அதோடு முடிந்தது. பிரியாணிக்கு ஜாதிக்காய் உரசும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த உச்சி நினைவுக்கு வருகிறது.

கீழே தெரியும் ஓட்டு வீடுகளில் ஒன்றில்தான் சுதந்திரப் போராட்டத் தலைவர் முகமது ஹத்தாவை டச்சு அரசு வைத்திருந்தது. சுதான் ஷாரிரையும் இதே ஊரில்தான். 1936-லிருந்து 1942 வரை நாடுகடத்தலில் இருந்த அந்த இரண்டு பேரும் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னால் ஹத்தா இந்தோனேசியாவின் முதல் துணை அதிபர், ஷாரிர் முதல் பிரதமர். அவர்கள் இருந்த வீடுகளை இன்றும் பார்க்கலாம். மலை ஏறுவதற்கு முந்தைய நாளை அதற்கு ஒதுக்குங்கள். மேலிருந்து பார்க்கும்போது எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

எட்டரை, ஒன்பது மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறினால் அந்தக் கறுப்புச் சரளை அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

இறக்கம்தான் இந்த மலையின் பரீட்சை. முதல் முறை, களைத்த காலோடு, சீக்கிரம் கீழே போய்விட வேண்டும் என்று உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு இறங்கினேன். பயத்தில் எல்லாரும் செய்வது அதுதான். சாயச் சாயப் பாதத்தின் பிடி குறையும். கால் முன்னால் வழுக்கியது, கையை ஊன்றினேன், கையுறை போட்டிருக்கவில்லை. மூன்று, நான்கு மீட்டர் உள்ளங்கையால் மலையைத் தேய்த்துக்கொண்டே போனேன். ஓம் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்து, தன் பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி, சதைக்குள் பதிந்திருந்த கறுப்புக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அரைமணி நேரம் ஆயிற்று. அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது.

அப்புறம் எப்படி இறங்குவது என்று நடந்து காட்டினார். முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பை நேராக நிறுத்தி, குதிகாலை முதலில் குத்த வேண்டும். சரளை கொஞ்சம் சறுக்கும், சறுக்கட்டும், அது தானாக நிற்கும்வரை பொறுத்து அடுத்த எட்டு. நேர் கீழே போகாமல் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்து போக வேண்டும். கண் அடுத்த மூன்று எட்டில் இருக்க வேண்டும், கீழே தெரியும் கடலில் இல்லை. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். யாரோடும் போட்டி வேண்டாம். தீவில் பெரிய ஆஸ்பத்திரி வசதி கிடையாது. கால் முறிந்தால் அம்போன் போக வேண்டும், அம்போனுக்கோ கப்பல் வர வேண்டும். 640 மீட்டர் மலை பெரிய மலையாவது அங்கேதான். வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதும் இதனால்தான்.

கடைசியாக நாள் கணக்கு. போகவும் வரவும் அம்போன் வரை நான்கு நாள், படகு தவறினால் என்று இரண்டு மூன்று நாள், பண்டாவில் ஐந்து நாள். இறங்கிய முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் ஊர், மூன்றாம் நாள் மலை. மழை பெய்தால் நான்காம் நாளுக்குத் தள்ளிப்போட இடம் இருக்கும். ஈரத்தில் அந்தச் சரிவில் கால் வைக்கவே கூடாது.

மலை ஏறிய மறுநாள் தொடை இரண்டும் பேசும், படி இறங்க முடியாது. அன்று படகு பிடித்துக் குனுங் அபியின் வடக்குப் பக்கம் போங்கள், 1988-இல் நெருப்புக் குழம்பு கடலில் இறங்கிய இடம். கரையில் இன்னும் கரிக்கட்டையாக இருக்கும். கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விடுங்கள். பவளம், கண்ணுக்கு எட்டிய தூரம் பவளம். குழம்பு ஆறி ஐந்தே வருடத்தில் ஆராய்ச்சியாளர்கள் வந்து எண்ணியபோது, அந்தக் கல்லின் மேல் 124 வகைப் பவளங்கள் இருந்தன, பாதிக்கும் மேல் கல்லே தெரியவில்லை. மேசை மாதிரி விரியும் பவளங்கள் சில அதற்குள்ளேயே 90 சென்டிமீட்டர் அகலத்தைத் தாண்டியிருந்தன. நான் பார்த்தபோது அவை ஒன்றின் மேல் ஒன்றாக, கல்யாணப் பந்தியில் இலை போட்டது மாதிரி அடுக்கி நின்றன. நடுவே ஒரு இடத்தில் மட்டும் ஒரு கையகலக் கறுப்புக் கல் மூடாமல் தெரிந்தது. முந்தின நாள் ஓம் என் உள்ளங்கையிலிருந்து எடுத்துப் போட்டாரே, அதே ஓட்டை ஓட்டையான கல்.